நான் ரத்த தானம் செய்த காரணம்

ஆடி மாதம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போன இடத்தில், லாட்ஜில் ஒரு பெண்ணுடன் இருந்தேன். ஒரே ஒரு முறை. ஆணுறை போடவில்லை. அவள் முகம் ஞாபகமில்லை. கட்டிலுக்கடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு மட்டும் ஞாபகமிருக்கிறது.

திரும்பி வந்து இரண்டு நாள் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது நாள் தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் எய்ட்ஸ் பற்றிய போஸ்டரைப் படித்தேன். தினமும் பார்த்த போஸ்டர்தான், அன்றுதான் படித்தேன். அதற்குப் பிறகு எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. பயந்தவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். நான் நன்றாகவே சாப்பிட்டேன், தூங்கினேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தேன். தினமும் காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நாக்கையும் கழுத்தையும் மற்றதையும் சோதித்துவிட்டு வேலைக்குப் போவேன்.

அதே சமயத்தில் கோவிலம்பாக்கத்தில் எனக்குப் பெண் பேசி முடித்தார்கள். தை மாதம் கல்யாணம். ஆக, எனக்கு ஒரே கேள்விதான். அது என் உடம்பில் இருக்கிறதா? இருந்தால், அந்தப் பெண்ணுக்கும் கொடுக்கப் போகிறேனா?

தினமும் ரயிலில் சேர்ந்து போகிற நண்பனிடம், வேறொருவனின் கதையாகச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அது யார் என்று கேட்கவில்லை.

“டெஸ்ட்டுன்னு போனா பேர் கேப்பான், அட்ரஸ் கேப்பான், ஊரே நாறிடும். இன்னாத்துக்கு மச்சான் பேஜாரு? ரத்தம் குடுக்கச் சொல்லு. குடுக்கற ரத்தத்தை அவனுங்களே டெஸ்ட் பண்ணுவானுங்க. எதுனா கீதுன்னா வூட்டுக்கு லெட்டர் போடுவான். லெட்டர் வரலன்னா க்ளீன்.”

அவன் மட்டுமல்ல, எங்கள் ரயில் பெட்டியில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். பி.காம். படித்த நானும் நம்பினேன்.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம் நடந்தது. லாட்ஜ் சமாச்சாரம் நடந்து பதினெட்டாம் நாள். நிரப்பச் சொன்ன பாரத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உறவு உண்டா என்ற கேள்வியும் இருந்தது. ‘இல்லை’ என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன். படுக்க வைத்து ஒரு பாட்டில் எடுத்தார்கள். பிஸ்கட்டும் ஆரஞ்சு ஜூஸும் தந்தார்கள். ஒரு சான்றிதழும் தந்தார்கள். அம்மா அதை சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அப்பா சும்மா இருப்பாரா? சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். “மாப்பிள்ளைக்கு என்ன நல்ல மனசு” என்று அங்கே எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு மாதமாகியும் லெட்டர் வரவில்லை. தப்பித்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. தாம்பரத்து டாக்டர்கள் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும் என்பதால், நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். வெறும் படர்தாமரைதான் என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கேள்விகளை ஆரம்பித்தார். யாருடன், எப்போது, எத்தனை முறை, ஆணுறை உண்டா, புண் ஏதாவது வந்ததா? காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற குரல். அதனால் பதில் சொல்ல எளிதாக இருந்தது.

“ஆனா எனக்கு எய்ட்ஸ் இல்ல மேடம். ரத்தம் குடுத்தேன், லெட்டர் வரல” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை நாள் கழிச்சுக் குடுத்தீங்க?”

சொன்னேன்.

“லெட்டர் யாரு சார் போடறாங்க? கிருமி இருந்தா அந்த பாட்டிலைக் கொட்டிடுவாங்க, அவ்வளவுதான். அதுவும் டெஸ்ட்ல தெரிஞ்சாத்தானே? தெரியறதுக்கு மூணு மாசம் வரைக்கும் ஆகும். பதினெட்டு நாள்ல கிருமி இருந்தாலும் இல்லைன்னுதான் காட்டும். ஒரு தடவைதான்னா உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. சரி, அந்த பாட்டில் யாருக்குப் போச்சு?”

என் ரத்தம் இன்னொரு ஆளுக்குள் போகும் என்ற எண்ணமே அதுவரை எனக்கு வந்ததில்லை. நான் டெஸ்ட்டுக்குப் போயிருந்தேன். மற்றவர்களுக்குத்தான் அது தானம்.

“இன்னிக்கே அந்த ரத்த வங்கிக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க. மூணு மாசம் முடிஞ்சதும் இங்க வந்து டெஸ்ட் பண்ணிக்குங்க.”

எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழிலிருந்து குறித்துவந்த நம்பரைச் சுற்றினேன். எதிர்முனையில் ஒரு பெண் “ஹலோ” என்றாள், மறுபடியும் “ஹலோ, யாரு?” என்றாள். சொன்னால் பேர் கேட்பார்கள். பேர் தெரிந்தால் வீட்டுக்கு வருவார்கள், அப்பா காதுக்குப் போகும், கோவிலம்பாக்கத்துக்குப் போகும். வைத்துவிட்டேன். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அந்த டீ எனக்கு ருசியாக இருந்தது. இன்றுவரை என்மேல் எனக்கு ஆத்திரம் வருவது லாட்ஜை நினைத்து அல்ல, அந்த டீயை நினைத்துத்தான்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தேன். எதுவும் இல்லை. “இப்ப உங்களுக்கு இல்லன்னா அந்த பாட்டில்லயும் இருந்திருக்காது” என்றார் டாக்டர். போன் பண்ணினேனா என்று கேட்டார். பண்ணினேன் என்றேன். அது பொய்யில்லை. சந்தோஷம் வரும் என்று ரயிலில் காத்திருந்தேன், வரவில்லை. தையில் கல்யாணம் நடந்தது.

இரண்டு வருடம் கழித்து என் மனைவிக்குப் பிரசவமாகி, ரத்தப்போக்கு நிற்கவில்லை. என் ரத்தம் சேரவில்லை. எங்கிருந்தோ ஒரு பாட்டில் கொண்டுவந்து மாட்டினார்கள். அதைப் பார்த்தபடி நின்றேன். என் முகத்தைப் பார்த்த நர்ஸ் சொன்னாள், “பயப்படாதீங்க சார், டெஸ்ட் பண்ண ரத்தம்தான். யாரோ புண்ணியவான் குடுத்திருக்காரு.”

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, சொட்டுச் சொட்டாக அது அவளுக்குள் இறங்கி முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.