சத்தமில்லாமல் இறங்கிய லாரிகள்

கேம்பல் பே என்ற தீவு ஊரில் குடியேற்றம் தொடங்கிய முதல் சில ஆண்டுகள். சாலை வேலை அலுவலகமொன்றில் நான் குமாஸ்தா. எங்கள் வீடு மலைச்சரிவில் இருந்தது. தண்ணீர்க் குழாய் சாலைக்கு அந்தப் பக்கம். என் மனைவி காலையில் இரண்டு குடங்களோடு ஆறு நடை போவாள். போக ஒன்று, வர ஒன்று; ஆகப் பன்னிரண்டு தடவை சாலையைக் கடப்பாள். அதே சாலையில்தான் குவாரியிலிருந்து கல் லாரிகள் இறங்கும்.

கப்பல் ஒழுங்காக வந்தால் எனக்குப் பயம் குறைவு. பாரம் ஏற்றிய லாரியின் உறுமல் வளைவுக்கு அப்பாலேயே கேட்டுவிடும். கப்பல் தாமதமானால் டீசலுக்குத் தட்டுப்பாடு வரும். அப்போது டிரைவர்கள் மேட்டிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டி வருவார்கள். மழை இரைச்சலில் டயர் உருளும் சத்தம் காதில் விழாது. வளைவிலிருந்து எங்கள் வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. லாரிக்கு, பதினொன்று எண்ணும் நேரம்; தினமும் எண்ணிப் பார்ப்பேன்.

ஒருநாள் ராமநாதபுரத்து டிரைவர் ஒருவரை மறித்தேன்.

"என்ன செய்யச் சொல்றீங்க பாபு? டீசல் கதம், தீந்துருச்சு. ஜஹாஸ் வந்தாத்தான்." கப்பலை அங்கே ஜஹாஸ் என்பார்கள்.

"ஹாரனாவது அடிங்கண்ணே."

"அது போன மழையிலயே ஊமையாயிருச்சு."

இருந்த லாரிகள் மூன்று. மூன்றின் பம்பரிலும் காலி மண்ணெண்ணெய் டின்னில் கூழாங்கல் போட்டுக் கம்பியால் கட்டினேன். "என் வண்டியச் சலங்கை மாடாக்கிட்டீங்களே!" என்று அவர் சிரித்தார். மனைவிக்கும் நிம்மதி. "இனிமேலாவது எண்ணாம இருங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை மழை. நான் வாசலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் நிறைகுடங்களோடு சாலையில் இறங்கினாள். முன்பெல்லாம் நின்று மேட்டைப் பார்ப்பாள், அன்று பார்க்கவில்லை. எத்தனை நாளாகப் பார்க்கவில்லையோ, அதை நான் கவனிக்கவில்லை. வளைவில் லாரி தெரிந்தது. டின் சத்தம் இல்லை. மூன்று வரை எண்ணிய பிறகுதான் எனக்குக் கத்தவே தோன்றியது.

குடங்களைப் போட்டுவிட்டுச் சாலையோர ஓடைக்குள் பாய்ந்தாள். ஒரு குடம் டயருக்கடியில் தட்டாக நசுங்கியது. லாரி அடிவாரம் வரை போய்த்தான் நின்றது. டிரைவர் மேலே ஓடி வந்தார். டின் கட்டிய கம்பி எங்கோ அறுந்திருந்தது.

"டின் சத்தம் கேக்கல. அதான் வண்டி வரலன்னு நெனச்சேன்," என்றாள், முழங்காலில் ரத்தத்தோடு.

அன்று மாலையே மற்ற இரண்டு டின்களையும் அறுத்தெறிந்தேன்.

மிஞ்சியது ஒரு குடம். இன்னொன்று கப்பலில்தான் வர வேண்டும். ஆறு நடை பன்னிரண்டாயிற்று. கடப்பது இருபத்து நான்கு. நான் போகிறேன், குடத்தைக் கொடு என்றேன்.

"நீங்க எண்ணிக்கிட்டே நடப்பீங்க. லாரி உங்களத்தான் அடிக்கும்."

மறுநாள் வாசலில் நின்று அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கில் பத்தொன்பது தடவை மேட்டைப் பார்த்தாள்.