சின்னண்ணை போகாத ஆறு

குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றபோது ஆசுப்பத்திரியிலிருந்து மருமகன் போன் எடுத்தார். "மாமி, சின்னமாமா மோசம் போயிட்டார்." செத்துப்போன என் சின்னண்ணையைப் பற்றி, அவரை அறிந்த வேறு யாராவது இதைவிட நன்றாக எழுதலாம். இதில் என் பிழையும் இருப்பதால் நானே எழுதுகிறேன்.

நுவரெலியாவில் கடை வைத்திருந்த காலத்தில் தூண்டில் பழகியவர் அவர். அங்கே குளிர் ஆறுகளில் ட்ரவுட் என்றொரு மீன் உண்டு. அதற்குப் பூச்சிதான் இரை. எங்கள் கடற்கரை ஊரான வேலணைக்கு வந்த பிறகும் என் சேவலின் கழுத்து இறகைப் பிடுங்கி, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வார். அடுத்த வீட்டு மீன்பிடிக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"நாங்கள் இறால் கொழுவுறம், அண்ணை இறகு கொழுவுறார்!"

"உங்கட மீனுக்குப் பசி. எங்கட மீனுக்கு யோசினை."

"மீனுக்கு முதல் பூச்சியைப் படிக்க வேணும்" என்பார். அந்தப் பூச்சி தண்ணீருக்கடியில் மாதக்கணக்காகப் புழுவாய்க் கிடக்குமாம். பிறகு செட்டை முளைத்துச் சில நாட்களுக்குக் கூட்டம் கூட்டமாய் எழும்பும், ஒவ்வொன்றும் ஒரு நாளிலேயே செத்துவிடுமாம். அந்த நேரம் மீன்கள் பயம் விட்டு மேலே வரும். மழை தெளிந்ததும், முன்பு அவர் கடையில் வேலைக்கு நின்ற பெடியன், இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது, பூச்சி எழும்பியதென்று அங்கிருந்து போனில் தகவல் சொல்வான். அண்ணை உடனே பஸ் ஏறிவிடுவார்.

போன வருடம் அந்தத் தகவல் வந்தபோது, ஏழு வருடம் காத்திருந்து பிறந்த என் பேரனின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு, பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கிற நாளுக்கு, இரண்டு நாள் இருந்தது. "முதலாளி, ஆத்துல பூச்சி எழும்பிருச்சு. நாளைக்கே வாங்க." அண்ணை பையோடு வெளிக்கிட்டார். நான் வாசலில் மறித்தேன்.

"என்ர மோளுக்குத் தாய்மாமன் நீங்கள். நீங்களில்லாமல் என்ன கழிவு? பூச்சி அடுத்த வருசமும் பறக்கும். பேரன்ர முப்பத்தொண்டு திரும்ப வருமோ?"

"ஓம் பிள்ளை, அதுவும் சரிதான்." பையை அலுமாரிக்குள் வைத்தார். "அடுத்த வருசம் கால் ஏலுமோ தெரியாது" என்று மெல்லச் சொன்னார். கேட்காதவள் போல நின்றேன். கழிவன்று ஊரெல்லாம் பேரனைப் புகழ்ந்தது. அண்ணையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இந்த வருடம் தகவல் வந்தபோது அவர் படுக்கையில். போனை நான்தான் காதில் பிடித்தேன். "வர ஏலாதடா. போனை ஆத்தங்கரையில வை, கேக்கிறன்" என்றார். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைப் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். அதிலிருந்து மூன்றாம் வாரம் போய்விட்டார்.

அந்தப் பத்து நிமிடம் அவர் முகம் இருந்த விதம்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. கழிவை ஒரு கிழமை, ஏழே நாள், தள்ளி வைத்திருக்கலாம். எத்தனையோ வீடுகளில் தள்ளியிருக்கிறார்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.