இரண்டு புள்ளி ஒன்று

நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்ன என் தம்பிக்கு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டாயிரத்து ஆறு, தீபாவளிக்கு முப்பத்தேழு நாள் இருந்தது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். அவன் பக்கத்தில் நிற்காமல் வெடிமருந்து கலக்கக் கூடாது. சீசனில் அவன் படுத்தால் கம்பெனியே படுத்துவிடும் என்பார்கள். அதில் அவனுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

துணைக்கு நான் இருந்தேன். விருதுநகர் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் புள்ளிவிவரம் எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. அந்த அறை பத்தடிக்கு எட்டடி. கட்டிலுக்கடியில் ரத்தம் தோய்ந்த பஞ்சு நான்கு உருண்டை. நாங்கள் வந்து மூன்று நாளாகியும் யாரும் எடுக்கவில்லை. கழிப்பறைத் தண்ணீர் வெளியே வந்து பாதத்தை நனைக்கும். கை கழுவும் தொட்டியில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வாய் சோறும் குமட்டியது.

ஸ்டென்ட் வைக்கும் முன் ஒரு தடவையும் வைத்த பின் இரண்டு தடவையும் ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்றொரு புரதம் ரத்தத்தில் கசியுமாம், அதை அளப்பதற்கு. முதலில் 0.04. மாலையில் 0.6. மறுநாள் காலை 2.1. ஏறிக்கொண்டே போகிறது, இறங்கும்வரை இங்கேயே இருக்கட்டும், பிறகும் ஒரு மாதம் வேலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அரைமணி நேரத்தில் கம்பெனி வேன் வந்தது. கணக்குப்பிள்ளையோடு சேர்த்துப் பதினேழு பேர். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேன் பிடித்துத்தான் போவார்கள். ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட். நகக்கண்களில் அலுமினியப் பொடி. கட்டிலில் மட்டும் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஜன்னல் விளிம்பில் பதினொரு வாழைப்பழத் தோல்.

கணக்குப்பிள்ளை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டுதான இருக்கு அண்ணாச்சி. எனக்குச் சுகரு இருநூத்தி எம்பது. நான் லோடு ஏத்தாமலா இருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் தன் பிரஷர் நூற்று எழுபது என்றார். இன்னொருவர் மனைவியின் கொழுப்பு முந்நூறு என்றார். எங்கள் ஊரில் வியாதி என்றால் நூறுக்கு மேல் இருக்க வேண்டும். புள்ளி வைத்த எண்ணை யாரும் மதிப்பதில்லை.

தம்பி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ரெண்டுன்னா ஜாஸ்தியா?"

என் நோட்டில் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தேன். 0.1க்குக் கீழே இருக்க வேண்டியது. இது இருபத்தொரு மடங்கு. ஆனால் தங்கினால், இன்னும் எத்தனை நாளோ, நானும் அந்தத் தரையில் படுத்து, அந்தத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.

"டாக்டர்மாரு கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாக" என்றேன்.

எங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று பகலே அதே வேனில் வந்தோம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் அவன் மருந்து கலக்கும் அறையில் நின்றான். பன்னிரண்டாம் நாள் மூச்சு வாங்கி உட்கார்ந்தவனை அந்த வேனிலேயே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். அன்று போகாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இருந்திருக்க வேண்டும் என்றார்.

மூன்று வருடமாகக் கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வகுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தம்பி வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய்க்கு முப்பத்து நான்கு எட்டு வைக்க வேண்டும். பத்தொன்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். போன வாரம் நானும் கூட நின்றேன். மூச்சு திரும்பியதும் கேட்டான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நோட்டுல என்னமோ எழுதுனீகளே, என்னண்ணே அது?"

விருதுநகர் பஸ் நேரம் என்றேன்.