மேடையேறிய அம்மா

நாவல் டைப் அடித்துப் பிழைப்பவர்களே, கதை யாருடையதாக இருந்தாலும் கழுத்து வலி நம்முடையதுதான்.

எல்லாக் கதையிலும் ஒரே அம்மா

தாம்பரத்தில் ஒரு எழுத்தாளர் சாருக்குப் பதினோரு வருஷமாகக் குடும்ப நாவல் டைப் அடிக்கிறேன். கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆனாலும் அடுத்த வரி எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். புருஷனை இழந்த அம்மா என்றால், மகள் கல்யாணத்தில் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைப்பாள். தாரை வார்ப்பது சித்தப்பாவும் சித்தியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் புருஷன் இல்லை. மகள் திவ்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். "அவ மேடைக்கு வரக் கூடாதா சார்?" என்று கேட்டேவிட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நம்ம வாசகிங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா."

நாலு வரி

அடுத்த நாவலில் அந்த அம்மாவை நானே மேடையேற்றி, அவள் கையாலேயே தாரை வார்க்க வைத்தேன். நாலே வரி. சார் திருத்தும்போது அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கடைசி அத்தியாயத்தைப் படிப்பதே இல்லையாம், முடிவுதான் தெரியுமே என்று. புத்தகம் அச்சாகியே வந்துவிட்டது.

மறுவாரம் சாருக்கு வாசகிகளிடமிருந்து ஓயாமல் போன். அப்போதுதான் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். என்னை முறைத்துக்கொண்டே அடுத்த போனை ஸ்பீக்கரில் போட்டார். பெரும்பாக்கத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி: "இன்னா சார், இத்தினி நாளா அந்தம்மாவ கதவாண்டயே நிக்க வெச்சிகினு இருந்த? இப்பத்தான் கதை நல்லா கீது."

மாடம்பாக்கம் மண்டபம்

திவ்யா கல்யாணத்தில் தாரை வார்க்க என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் பட்டுடுத்தித் தயார். எனக்குச் சமையல்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலி. முகம் தெரியாத பெண்களெல்லாம் அந்த அம்மாவை ஏற்றுக்கொண்டார்கள், பெற்ற மகளுக்கு நான் ஒளிந்துகொள்வதா? மேடையேறி, "நான்தான் பெத்தேன், நான்தான் தாரை வார்ப்பேன்" என்றேன். திவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் தரையைப் பார்த்தார். முதல் வரிசையிலிருந்து எழுத்தாளர் சார் எழுந்தார்: "முகூர்த்த நேரம் போகுது ஐயரே, அந்தம்மா கையில செம்பைக் குடுங்க."

நாவலில் ஒரு அம்மாவை மேடையேற்ற எனக்கு நாலு வரி போதுமாக இருந்தது. மண்டபத்தில் பத்தடி நடக்க எனக்கு நாற்பத்தெட்டு வயசாக வேண்டியிருந்தது.