இடப்பக்கமாகச் சுற்றும் மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ரூட்டர் மெஷின் வாங்கினேன். கையில் பிடித்துத் தள்ளினால் பலகையின் ஓரத்தை வழித்து, வளைவாக்கிக் கொடுக்கும் எந்திரம். மோட்டார் கம்பெனி ஃபிட்டருக்கு மரவேலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சரவணம்பட்டியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சாமிப் பலகையை நானே செய்வதாகச் சொல்லிவைத்திருந்தேன். அதற்காகவே காரமடையிலிருந்து மாமனார் தன் தோட்டத்துத் தேக்கில் ஒரு பலகை அறுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டதற்கு, "சாமிக்குப் போறதுங்க" என்றாராம்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது. பலகையின் வெளி ஓரத்தில் மெஷினைக் கடிகார முள்ளுக்கு எதிராக, இடமாகத்தான் கொண்டுபோக வேண்டும். அப்படியே ஆரம்பித்தேன். என் மனைவி வந்து சுவிட்சை அணைத்தாள்.

"ஏனுங்க, சாமிப் பலகையப் போயி எடமாச் சுத்தறீங்க? கொள்ளி வெக்கறவந்தானுங்க அப்படிச் சுத்துவான்."

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"அதை எழுதுனவன் கோயிலுக்குப் போயிருப்பானுங்களா?"

சுவிட்சை மறுபடி போட்டேன். எரிச்சலோடு வலமாகவே சுற்றினேன். மெஷின் சுற்றவில்லை, ஓடியது. என் இரண்டு கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய்ந்து, ஒரு மூலையைக் கடித்துத் துப்பியது. விரலெல்லாம் இருந்தது. மூலை இல்லை. பலகையைப் பரணில் போட்டேன்.

கிரகப் பிரவேசத்தன்று கடையில் வாங்கிய பலகையில் சாமி உட்கார்ந்திருந்தது. மாமனார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம பலகை எங்கீங்க மாப்ள?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "அது இன்னும் காயோணுமுங்கப்பா."

தேக்கு வளர்த்த மனிதருக்கு அது காய்ந்த பலகை என்று தெரியாதா? ஆனாலும் தலையாட்டினார். பிறகு வரும்போதெல்லாம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "காஞ்சுருச்சுங்களா மாப்ள?" என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. "கொஞ்சம் ஈரம் இருக்குதுங்க மாமா" என்பேன். எனக்கு மானம் போகும். இருந்தாலும் அவர் எப்போது வருவார் என்று இருக்கும்.

ஓர் ஐப்பசியில் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பியதும், என் மனைவி பரணிலிருந்து அந்தப் பலகையை இறக்கித் தூசி தட்டினாள். அப்பாவின் போட்டோவை இதில்தான் பதிக்க வேண்டும் என்றாள். மூலை போன பக்கத்தை அறுத்துத் தள்ளினேன். மிச்சம் போட்டோவுக்குச் சரியாக இருந்தது. மெஷினைப் பலகைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"எடமாவே சுத்துங்க" என்றாள்.

புத்தகத்தில் இருந்தபடி சுற்றினேன். மெஷின் கொஞ்சமும் இழுக்கவில்லை. நிறுத்தியதும் அவள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு போட்டோவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"காஞ்சுருச்சுங்கப்பா" என்றாள்.