பாங்காக் கிளம்பி ஹிஞ்சேவாடியில் இறங்கினோம்

புனேயிலிருந்து பாங்காக் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இன்னும் பாங்காக் பார்க்கவில்லை; புனேயின் லோஹ்காவ் விமான நிலையத்தோடு சரி. போன மாதம் என் மச்சினன் கார்த்திக்கு அங்கே வேலை கிடைத்தது. கோவையில் படித்து, புனேயின் ஐ.டி. பேட்டையான ஹிஞ்சேவாடியில் இரண்டு வருடம் குப்பை கொட்டி, ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான்கு நாள் ஊர் சுற்றலாம் என்று நானும் டிக்கெட் போட்டேன்.

வேலை பிடித்துத் தந்த ஏஜென்டை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. போனில்தான் பேச்சு. நல்ல கோயம்புத்தூர்த் தமிழ், வாய்க்கு வாய் 'தம்பி'. செக்யூரிட்டியிடம் இந்தி, காய்க்காரரிடம் மராத்தி, ஆபீஸில் ஆங்கிலம் என்று நாக்கு தேய்கிற ஊரில் ஒருவர் தமிழில் நலம் விசாரித்தால் நாங்கள் உருகிவிடுவோம். கம்பெனி இருக்கிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

என் வீடு இருக்கும் கோந்த்வாவிலிருந்து விமான நிலையம் பதினான்கு கிலோமீட்டர். மாலை ஏழு மணி விமானத்துக்கு இரண்டரைக்கே கேப் எடுத்தோம். 430 ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கோர்படி வழியைத் தவிர்த்துவிடுங்கள், ரயில்வே கேட்டில் காத்தே நரைத்துவிடுவீர்கள்.

இமிகிரேஷனில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தபடி கார்த்தி தன்னை டூரிஸ்ட் என்றான். அது எனக்குத் தெரியாது. என் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி எதற்குப் பயணம் என்று கேட்டதும், மச்சினனுக்கு வெளிநாட்டு வேலை, கொண்டுபோய் விடப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

இருவரையும் ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அந்த அதிகாரி அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்சியின் பெயரைத் தேடினார். இல்லை. வேலை விசா கேட்டார். அதுவும் இல்லை.

"ஏன் மச்சான், வாய வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்றதுங்க?" என்றான் கார்த்தி. அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த அதிகாரிமேல் ஆத்திரமாக வந்தது.

அவர் நிதானமாக, ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"அண்ணா, எறங்குனதும் எங்கீங்க போகோணும்?" என்று கேட்டான் கார்த்தி.

"பயப்படாதீங்க தம்பி. நம்ம ஆளு வெளிய நிப்பாரு. பாஸ்போர்ட்ட அவர்கிட்டக் குடுத்துட்டு வண்டில ஏறிக்கங்க. நேரா மே சோத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. தமிழ் தெரியாத அந்த அதிகாரிக்கு 'மே சோத்' என்ற ஊர்ப் பெயரே போதுமாக இருந்தது. தாய்லாந்தின் எல்லை ஊர். ஆற்றைத் தாண்டினால் மியான்மர். ஆட்களை அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்யவைக்கும் இடங்கள் அந்தக் கரையில் இருக்கின்றன. அரசு விமானம் அனுப்பி நம் பிள்ளைகளை மீட்டுவந்தது அந்த வழியாகத்தான்.

இமிகிரேஷனில் விட மறுக்கிறார்கள் என்று கார்த்தி தடுமாறினான். ஏஜென்டின் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"பரவால்லீங்க தம்பி. பிரவீனுக்கு நாளைக்குத்தானுங்க டிக்கெட்டு? அவரை மும்பை வழியா வரச் சொல்லிடறேன்."

பிரவீன், ஹிஞ்சேவாடி அறையில் கார்த்தியோடு தங்கியிருக்கும் திருச்சிக்காரன். நம்மூர் ஆள், நல்லது செய்வார் என்று ஏஜென்டிடம் அவன் நம்பரைக் கொடுத்ததே கார்த்திதான். அதிகாரி விவரத்தை மும்பைக்குச் சொன்னார். ஆனால் அவனை வேறு விமான நிலையம் வழியாகவும் அனுப்புவார்கள், நீங்களே நேரில் போய்த் தடுங்கள் என்றார்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட்டில் பாருங்கள். வேலைக்குப் போகிறவரை டூரிஸ்ட் என்று சொல்லச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விமானம் போனால் போகட்டும்.

விமான நிலையத்திலிருந்து ஹிஞ்சேவாடிக்கு இருபத்தேழு கிலோமீட்டர், கம்பெனி கேப்கள் வீடு திரும்பும் நேரம், இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம். பிரவீன் பெட்டி கட்டி முடித்திருந்தான். நாங்கள் சொன்னது எதையும் அவன் நம்பவில்லை.

"ஒனக்குக் கெடைக்கலன்னதும் எனக்கும் கெடுக்க வந்துட்டியாடா?" என்றான்.

"ஆமாடா, கெடுக்கத்தான் வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, கார்த்தி கதவைச் சாத்தி அதன் குறுக்கே உட்கார்ந்துகொண்டான்.