ஈர மண்ணில் ஜமாலின் கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய்வந்ததிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஜமால் என் பள்ளித் தோழன். கடலூர் ஓல்டு டவுன்காரன். கல்யாணமான கையோடு குவைத் போனவன், தலை நரைத்த பிறகு இப்போதுதான் ஊரோடு வந்துவிட்டான். வீடியோ காலிலேயே வீடு கட்டிய ஆள்! டைல்ஸ், கிரில், பெயின்ட்… எல்லாம் அங்கிருந்தே செலக்‌ஷன்.

புது வீட்டு ஹாலில் மாட்ட ஐயாவுக்கு ஒரு ஆசை. சிதம்பரத்தில் கலைவாணி என்றொரு பெண், களிமண்ணில் மேப் செய்கிறார். பெரிய தட்டு. அதில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரோடு, ஆறு, கடற்கரை எல்லாம் கீறியிருப்பார். ஆனால் ஆர்டர் கொடுத்தவர்கள் நேரில் வந்தாக வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே, தங்களுக்கு முக்கியமான இடங்களில் கட்டைவிரலை அழுத்த வேண்டும். அந்தக் குழிகளுக்கு நீல வண்ணம் பூசிச் சூளையில் வைப்பார். அப்புறம் ஆயுசுக்கும் அழியாது.

"மச்சான், நானும் மும்தாஜும் ஒண்ணா இருந்த எடமெல்லாம் அதுல வரணும். அவகிட்ட இப்ப சொல்லாத, சர்ப்ரைஸ். நீயும் வாடா" என்றான். மூவரும் போனோம்.

"ஒங்களால மறக்க முடியாத எடமா வைங்கக்கா" என்றார் கலைவாணி. ஜமால் சிரித்துக்கொண்டே மனைவியை முன்னால் தள்ளினான்.

மும்தாஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு முதல் விரலை வைத்தார்.

"இது ஸ்கூலு. வெள்ளம் வந்தப்ப புள்ளைங்கள இடுப்புல வச்சிக்கினு ராத்திரி பூரா இங்கதான் இருந்தோம்."

அடுத்தது சிதம்பரத்தில். "இது ஆஸ்பத்திரி. பெரியவனுக்கு டெங்கு வந்து சேத்தது. மாமி மவுத்தானதும் இங்கதான்."

குறை சொல்லும் குரலே இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் ஜமாலின் சிரிப்பு போய்விட்டது. மாமி என்றால் அவனைப் பெற்ற தாய் அல்லவா? அவர் இறந்தபோதும் அவன் குவைத்தில்தான்.

அந்த ஆஸ்பத்திரி பில்லெல்லாம் அவன் அனுப்பிய பணத்தில் கட்டியதுதான். அவனைத் தப்பு சொல்ல முடியுமா? முடியாது. ஆனாலும், பணம் போய்ச் சேர்ந்தால் தானும் போய்ச் சேர்ந்த மாதிரி என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

"நாம சேந்து போனது எதுவும் இல்லையா? பிச்சாவரம்?" என்றான் மெல்ல.

"ஒவ்வொரு லீவுக்கும் போலாம் போலாம்னு சொல்லுவீங்க. எங்க போனோம்?"

"அப்ப நான் எங்க வைக்கிறது?"

மும்தாஜ் நிஜமாகவே அவனுக்காகத் தேடினார். பாவம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தட்டு முழுக்கத் தேடினார்.

"பஸ் ஸ்டாண்டுல வைங்க. லீவு முடிஞ்சி கெளம்பறப்ப புள்ளைங்கள ஒண்ணொண்ணா தூக்கி முத்தம் குடுப்பீங்களே… வாப்பான்னா அவுங்களுக்கு அந்த எடந்தான் ஞாபகம்."

ஜமால் அங்கே அழுத்தினான். விரலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

கலைவாணிக்கே தாங்கவில்லை. "சார், மண்ணு ஈரமாத்தான் இருக்கு. தடவி மூடிடலாம். வேற எங்கனா வைக்கிறீங்களா?"

அவன் அந்தத் தட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தான்.

"இருக்கட்டும்மா. வேற எடம் எனக்கு ஏது?"

குடும்பத்துக்காகத்தான் போனான்… குடும்பம் இருந்த இடத்தில் மட்டும் அவன் இல்லை.